குறுக்கே நடந்து வந்தவர்கள்

கல்லாங்காட்டுத் தெருவில் ஒரு பிள்ளையின் தொட்டில் துணி தானாக வெளிச்சம் விட்ட கதையை யாரிடம் கேட்டாலும் முதலில் சத்தத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், அதுவும் சரிதான், ஏனென்றால் காவிரிக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி, விடிந்தது முதல் பொழுது அடைகிற வரை, பொழுது அடைந்தது முதல் விடிகிற வரை, ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிபட்டு ஓட, தடக்குத் தடக்கென்று ஒரு சத்தம் சுவரில் ஏறி, கட்டில் காலில் இறங்கி, குடத்துத் தண்ணீரில் வளையம் வளையமாக நடுங்கிக்கொண்டே இருக்கும். அங்கே ஆசையாக ஒரு வார்த்தை சொல்வதானாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், பெண் வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள் என்று பயந்து பாதிப் பஜ்ஜியோடு எழுந்து போனதும் உண்டு. அங்கே பிறந்த பிள்ளைகளோ அந்தச் சத்தத்தில்தான் தூங்கும். கரண்ட் போய்த் தறிகள் நின்றால் தெருவில் உள்ள அத்தனை தொட்டிலும் ஒன்றாக வீரிட்டு அழும், கரண்ட் வந்து தறி ஓடினால் ஒன்றாக அடங்கும். சாவு விழுந்தால் மட்டும் தெரு தானாகத் தறியை நிறுத்தும், உடம்பை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் முடித்துத் திரும்பும் வரை எந்தப் பட்டறையிலும் நாடா அசையாது. அமைதி என்றால் அந்தத் தெருவில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

வளர்மதியும் அவள் புருஷன் நல்லசிவமும் அர்த்தநாரியின் பட்டறையில் தறி ஓட்டினார்கள், பட்டறைக்கு ஒட்டினாற்போல் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். வெகு நாள் கழித்துப் பிறந்த மகளுக்குக் கயல்விழி என்று பேர். பட்டறை மூலையில் உத்தரத்தில் பழைய வேட்டியைத் தொட்டிலாகக் கட்டி, அம்மா தறிக்கும் தொட்டிலுக்கும் நடுவில் ஓடி ஓடி வளர்த்த பிள்ளை. மூன்றாம் மாசம் ஒரு நாள் அம்மாவின் முகத்தைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தது. மறுநாளே பிள்ளையின் கண் ஒரு பக்கமாகச் செருகி, கை கால் விறைத்து, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. சீர் தட்டிவிட்டது என்றார்கள், மந்திரித்தார்கள், கருகருவென்று எதையோ அரைத்து நாக்கில் தடவினார்கள், பிறகும் இழுத்தது. ஆனால் வளர்மதியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வைத்தது வலிப்பு இல்லை. ஒரு மத்தியானம் கரண்ட் போனது, தெருவில் உள்ள தொட்டில்கள் எல்லாம் வழக்கம்போல் அலறின, அவள் மகள் மட்டும் கூரையைப் பார்த்தபடி சும்மா கிடந்தாள். சத்தம் நின்றதே அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா, கரண்ட் போனாக்கூட எம்புள்ள அழ மாட்டேங்குதுங்க" என்று பெரிய ஆஸ்பத்திரியில் அவள் சொன்னபோது டாக்டர் ரெஜினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லசிவம் எடுத்துச் சொன்ன பிறகு, அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, பிள்ளையின் உச்சிக்குழியில் விரலை வைத்துப் பார்த்தார்.

"வளர்மதி, மூளையோட மேல்பட்டையில ரெண்டு வகை நரம்பணு இருக்கு, ரெண்டு வகை சனம்னு வச்சுக்க. ஒரு சனம் சேதி சொல்ற சனம். ஒருத்தர் வாயத் திறந்தா பக்கத்துல இருக்கிறவரும் திறக்கணும், அடக்கமே கிடையாது. இவங்க அதே இடத்துல பொறந்து நேரா மேல ஏறி வரிசையா நின்னுக்குவாங்க. இன்னொரு சனம், 'போதும், கொஞ்சம் பொறு'ன்னு அமர்த்துற சனம். இவங்க அங்க பொறக்கிறதே இல்ல. மூளைக்கு அடியில, ஆழத்துல ஒரு மேடு இருக்கு, அங்க பொறந்து, குறுக்க குறுக்க நடந்து, ரொம்ப தூரம் நடந்து வந்து ஒவ்வொரு தெருவுலயும் குடியேறணும். அமர்த்துற ஆள் வந்து சேரலைன்னா சேதி சொல்றவங்க அத்தனை பேரும் ஒரே நேரத்துல கத்துவாங்க. உம்புள்ளைக்கு இழுக்கிறது அதுதான்."

வளர்மதிக்குத் தன் தறிதான் ஞாபகம் வந்தது. "பாவு நெட்டுக்க நிக்குது, குறுக்க ஓடற ஊடை இன்னும் வந்து சேரலை, அப்படித்தானுங்களே?"

"அப்படியே வச்சுக்கலாம்."

"பொறந்ததுக்கப்புறமும் ஊடை வருமுங்களா?"

"நெத்திப் பக்கத்துக்கு வரும். பொறந்து மாசக்கணக்கா நடந்துகிட்டுத்தான் இருப்பாங்க." டாக்டர் வலிப்புக்கு மருந்து எழுதிக் கொடுத்தார், வேளை தவறக் கூடாது என்றார். இழுக்கும்போது ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்றும் சொன்னார். வாசல்வரை வந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டவராக, "அவங்க வேலை தேடி வர்ற சனம் வளர்மதி. வேலை இருக்கிற இடத்துலதான் தங்குவாங்க" என்றார். அந்தப் பேச்சு அப்போது வளர்மதியின் இந்தக் காதில் ஏறி அந்தக் காதில் இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தொட்டிலில் போட்ட அன்று சாயந்திரம், விளக்குப் போடும் நேரத்தில், தலை கிடந்த இடத்தில் வேட்டி வெளிச்சமாகியது. சுரைக்குடுக்கைக்குள் அகல் வைத்த மாதிரி மெத்தென்ற வெளிச்சம். நல்லசிவம் தீப்பிடித்துக்கொண்டதோ என்று கையை வைத்துப் பார்த்தான், சுடவில்லை, வெதுவெதுவென்றுதான் இருந்தது. பிள்ளையும் நன்றாகத்தான் தூங்கியது. சரி, வெளிச்சம்தானே என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள். பார்த்தால் துணியில் ஒரு ஊரே தெரிகிறது.

கீழே, காதுக்கு உள்ளே ஆழத்தில், புற்று மாதிரி ஒரு மேடு. மேலே வளைந்து வளைந்து போகிற தெருக்கள், அவற்றில் பாவு நூல் இழுத்துக் கட்டினாற்போல் நெட்டுக்குத்தாக நிற்கிற ஆயிரமாயிரம் பேர், நின்ற இடத்திலேயே மினுக்கு மினுக்கென்று ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேட்டிலிருந்து கடுகு கடுகாக, அரிசி அரிசியாகச் சின்ன வெளிச்சங்கள் புறப்பட்டுக் குறுக்கே நடந்தன. ஒவ்வொன்றும் முன்னால் ஒரு கையை நீட்டும், அந்தக் கை இரண்டாகக் கிளை விடும், ஒன்று இடது பக்கம் துழாவும், ஒன்று வலது பக்கம் துழாவும், எந்தப் பக்கம் பிடித்ததோ அந்தக் கையை வைத்துக்கொண்டு மற்றதை மடக்கிக்கொள்ளும், பிறகு பின்னால் கிடக்கிற உடம்பை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்துக்கொள்ளும், திரும்பவும் கை நீட்டும். வழியில் ஒரு இருண்ட திடல் இருந்தது. அதன் ஓரத்துக்கு வந்ததும் யாரோ 'இங்கே வராதே' என்று சொன்ன மாதிரி அத்தனையும் விலகிச் சுற்றிக்கொண்டு போயின. பின்னந்தலையிலும் பக்கங்களிலும் பலர் முன்னமே வந்து குடியேறியிருந்தார்கள். நெற்றிப் பக்கத்துத் தெருக்களில்தான் ஒருவரும் இல்லை. அங்கே நிற்கிறவர்கள் கேட்பாரற்றுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே வலிப்பு வந்தபோது அதையும் துணியில் பார்த்தார்கள். நெற்றித் தெருவில் ஒரு மூலையில் ஒருவர் பளிச்சென்று எரிந்தார், பக்கத்து ஆள் எரிந்தார், அமர்த்த ஆளில்லாமல் தெருத்தெருவாகப் பற்றிக்கொண்டு போய் ஊரே ஒரே மூச்சில் எரிந்து அணைந்து எரிந்து அணைந்தது, தொட்டிலுக்குள் பிள்ளை வெட்டி வெட்டி இழுத்தது. வளர்மதி மகளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, "வந்துருங்க சாமிகளா, சீக்கிரம் வந்து சேருங்க" என்று துணியைப் பார்த்துக் கெஞ்சினாள்.

சேதி தெருவுக்குப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்துப் பட்டறையில் நாடாவுக்கு நூல் தார் சுற்றுகிற மாராயி ஒருத்தி போதும், அவள் காதில் விழுந்தது காவிரிக்கு அக்கரையிலும் விழுந்த மாதிரிதான். ஷிப்டு முடிந்தவர்கள் பஞ்சுத் தூசி படிந்த தலையோடு வந்து நின்று பார்த்தார்கள். அதிசயம் என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. நம்ம ஊர்ப் பிள்ளைக்கு நம்ம ஊர் வேட்டியில் தெரிகிறது, இதில் என்ன இருக்கிறது என்பது மாதிரிதான் பேசிக்கொண்டார்கள். தறி மெக்கானிக் ஒருவர் நடக்கிறவர்களின் வேகத்தைக் கவனித்து, ஊடைத் தார் லேசாக மாட்டுகிறது, எண்ணெய் போட்டால் சரியாகும் என்றார், போடத்தான் வழியில்லை. மீட்டர் பார்க்க வந்த கரண்ட்டுக்காரர் தொட்டிலைச் சுற்றி வந்து, ஒயர் எதுவும் இல்லை என்று கண்டு, இதற்கு பில் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். பேப்பர்காரனுக்குச் சொல்லலாமா என்று யாரோ கேட்டதற்கு, பிள்ளைக்குக் கண் பட்டால் நீயா வந்து சுற்றிப் போடுவாய் என்று நாலு பேர் சேர்ந்து எகிறினார்கள்.

அதோடு நின்றார்களா? நடக்கிறவர்களுக்குப் பேர் வைத்தார்கள். சரசரவென்று முந்துகிற ஒன்றுக்கு மினி பஸ் என்று பேர். இரண்டு கைக்கும் நடுவில் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிற ஒன்றைக் கல்யாணத் தரகர் என்றார்கள். எல்லாருக்கும் பின்னால், நடப்பதும் நிற்பதும், நின்று வேடிக்கை பார்ப்பதுமாக வந்த ஒரு கடுகை மாராயி வெகு நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இது எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்குது புள்ள. வெத்தலை வாங்கிட்டு வான்னு காலையில அனுப்பினா, வழியில இருக்கிற கடையெல்லாம் நின்னு பேசிட்டு மத்தியானத்துக்கு வர்ற மனுசன். செங்கோடன்னு பேரு வச்சுக்கறேன், கோவிச்சுக்காதே."

"உங்க இஷ்டம்க்கா" என்றாள் வளர்மதி. மாராயியின் புருஷன் செங்கோடன் செத்து வருஷம் பலவாயிற்று. அன்றிலிருந்து மாராயி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தொட்டிலருகே நின்று, "எங்கய்யா இருக்கே? நடந்து தொலையேன்" என்று திட்டிவிட்டுப் போவாள். திட்டிவிட்டு முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொள்வாள்.

இப்படி ஒரு தெருவே சேர்ந்து நடக்க வைத்த நடை, நெற்றிப் பக்கத்து எல்லைக்கு வந்ததும் நின்றுவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. மினி பஸ் நின்றது, தரகர் நின்றார், பின்னால் வந்த கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கு அப்பால் வலிப்பு தொடங்குகிற தெருக்கள். மருந்துக்குக் கொஞ்ச நாள் கட்டுப்பட்டிருந்த இழுப்பு மறுபடி அடிக்கடி வர, ஒவ்வொரு தடவையும் பிள்ளையிடமிருந்து ஏதோ ஒன்று கழன்று போனது. தலை திருப்பிப் பார்ப்பது போயிற்று, விரலைப் பிடிப்பது போயிற்று. சிரித்ததென்பதே வளர்மதி கனவில் கண்டதோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

தெரு கூடியது. அர்த்தநாரி நல்ல மனுஷர், பட்டறைக்காரர் என்ற மிதப்பு இல்லாதவர், பிள்ளைகள் என்றால் உயிரை விடுவார். அவர்தான் சொன்னார். "நமக்குப் பழகிப்போச்சு, நமக்குத் தெரியறதில்லை. இந்தச் சத்தத்துல ஒரு பச்சப்புள்ள மண்டைக்குள்ள யாருங்க நிம்மதியா நடப்பாங்க? பயந்துட்டுத்தான் நிக்கிறாங்க. தறியை நிறுத்துவோம். அதுக வந்து குடியேறுற வரைக்கும் தெருவுல ஒரு நாடா ஓடக் கூடாது. என்ன சொல்றீங்க?"

ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை. கூலிக்காரர்கள் கஞ்சி குடித்துக்கொள்கிறோம் என்றார்கள், பட்டறைக்காரர்கள் வியாபாரியிடம் பேசிக்கொள்கிறோம் என்றார்கள். உயிரோடு இருக்கிற ஒரு ஜீவனுக்காகக் கல்லாங்காட்டுத் தெரு தறியை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. கடைசித் தறியின் சத்தமும் அடங்கியது. யாரோ செத்துப்போன அமைதி அது. வேண்டாம் என்று சொல்ல வளர்மதிக்கு வாய் வந்தது. ஆனால் இத்தனை பேர் வயிற்றைக் கட்டிக்கொண்டு கொடுக்கிற அன்பை எந்த வாயால் வேண்டாம் என்பது? கும்பிட்டு நின்றாள்.

அப்புறம் அந்தத் தெரு கனவில் நடக்கிற தெருவாகிவிட்டது. முதலில் ஆற்றுச் சத்தம் கேட்டது. காவிரிக்குக் குரல் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்ட பிள்ளைகள் ஓடிப்போய்ப் பார்த்து வந்தன. வேப்பம்பழம் ஓட்டுக் கூரையில் விழுவது கேட்டது, அடுத்த வீட்டில் கடுகு தாளிப்பது கேட்டது, தன் செருப்புச் சத்தத்துக்குத் தானே திரும்பிப் பார்த்தார்கள். கத்தாமல் பேசத் தெரியாத புருஷன் பெண்டாட்டிகள் சைகையில் பேசிக்கொண்டு, பேச்சு முட்டும்போது சிரித்துக்கொண்டார்கள். குடத்துத் தண்ணீர் அசையாமல் நின்றது, அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டார்கள் பெண்கள். தொட்டில் பிள்ளைகள்தான் பாவம், சத்தம் இல்லாமல் தூக்கம் வராமல் சிணுங்கித் தீர்த்தன. அழுகைச் சத்தம் கயலின் காதுக்குப் போகக் கூடாதென்று தாய்மார்கள் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையை மாரோடு அணைத்து, காதுக்குள் மெல்ல, 'தடக்குத் தடக்கு, தடக்குத் தடக்கு' என்று வாயாலேயே தறி ஓட்டித் தூங்க வைத்தார்கள்.

துணியிலோ முதலில் எல்லாம் சாந்தமாகத்தான் இருந்தது. சேதி சொல்கிறவர்கள் மினுக்குவது குறைந்தது, வலிப்பும் குறைந்தது, பார்த்தீர்களா என்று அர்த்தநாரி முகம் மலர்ந்தார். ஆனால் எல்லையில் நின்றவர்கள் அடி எடுத்து வைக்கவில்லை. நீட்டிய கைகள் தொங்கின. பிறகு ஒவ்வொருவராக மங்கி, ஒவ்வொருவராக அவிந்தார்கள். மினி பஸ் அவிந்தது. தரகர் இரண்டு கையையும் நீட்டியபடியே அவிந்தார். மாராயி வந்து பார்த்துவிட்டு, செங்கோடன் இன்னும் இருக்கிறார் என்று கண்டுகொண்டு, ஒன்றும் திட்டாமல் போய்விட்டாள். பிள்ளை இன்னும் சாந்தமாக, இன்னும் சாந்தமாக, பால் குடிக்கக்கூட வாயசைக்காமல் கிடந்தது. வளர்மதிக்கு அந்தச் சாந்தமே பயமாக இருந்தது.

மத்தியான வெயில் ஓட்டைக் கூரை வழியாகத் தரையில் காசு காசாக விழுந்துகொண்டிருந்தபோது, சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைக்கு வாயால் தறி ஓட்டுவது வளர்மதிக்குக் கேட்டது. தடக்குத் தடக்கு, தடக்குத் தடக்கு. தெருவில் உள்ள அத்தனை பிள்ளைக்கும் அவரவர் தாய் ரகசியமாக ஒரு தறி ஓட்டிக்கொண்டிருக்கிறாள், தறியே இல்லாமல் கிடப்பது தன் பிள்ளை ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் தாங்கவில்லை. குனிந்து மகளின் காதில் வாயை வைத்து, "தடக்குத் தடக்கு கண்ணு, தடக்குத் தடக்கு" என்றாள்.

துணியில் நெற்றித் தெருவில் ஒருவர் மினுக்கினார். எல்லையில் தொங்கிக்கொண்டிருந்த கைகள் அத்தனையும் அந்த மினுக்கலின் பக்கம் திரும்பின.

வளர்மதி இன்னொரு தடவை சொன்னாள். இன்னொருவர் மினுக்கினார், கைகள் நீண்டன. அவள் நிறுத்தினாள், கைகள் தொய்ந்தன. 'வேலை தேடி வர்ற சனம்' என்று டாக்டர் வாசலில் நின்று சொன்னது, இத்தனை நாள் எங்கே சுற்றிக்கொண்டிருந்ததோ, அப்போது வந்து சேர்ந்தது. சத்தத்தை அமர்த்தத்தான் வருகிறார்கள். சத்தமே இல்லாத ஊரில் அவர்களுக்கு என்ன வேலை? எதற்கு நடப்பார்கள்?

எழுந்து நேரே தன் தறிக்குப் போனாள், சுவிட்சைப் போட்டாள், கைப்பிடியைத் தள்ளினாள். தடக்கென்று அடித்த முதல் அடி தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

ஓடி வந்தார்கள். பாதிச் சோற்றில் எழுந்து, எச்சில் கையோடு ஓடி வந்தார்கள். "ஏ வளரு, கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?" என்று நல்லசிவம் கைப்பிடியைப் பிடித்தான். "தெருவே பட்டினி கிடக்குது அம்முணி, எதுக்குன்னு நெனச்சே?" என்றார் அர்த்தநாரி, கோபத்தைவிட அவர் குரலில் வருத்தம்தான் அதிகம்.

"அண்ணா, உங்க கால்ல வேணா விழுகறேன், தறியை நிறுத்தாதீங்க" என்று வளர்மதி கத்தினாள். "அவங்க சத்தத்துக்குப் பயந்து நிக்கலீங்க, நடந்த அசதிக்கு நின்னவங்க, சத்தத்தைத் தேடித்தான் வந்தாங்க! சண்டை நடக்கிற வீட்டுக்குத்தானுங்களே சமாதானம் பண்ண ஆள் வேணும்? நாம எல்லாத்தையும் அமத்திப்போட்டு, வந்தவங்களை வேலையில்லைன்னு வாசலோட அனுப்பிட்டிருக்கோமுங்க. வந்து பாருங்க, துணியைப் பாருங்க!"

பார்த்தார்கள். எல்லையில் நின்றவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். கை நீட்டி, கிளை விட்டு, மடக்கி, வெடுக்கென்று உடம்பை இழுத்து, காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் வருகிற மாதிரி நெற்றித் தெருக்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதே நேரம் நெற்றித் தெருவின் அந்தப் பழைய மூலையில் ஒருவர் பளிச்சென்று எரிந்தார், பக்கத்து ஆள் எரிந்தார், தொட்டிலில் பிள்ளை விறைத்தது.

"நிறுத்து புள்ள!" என்று நல்லசிவம் அலறினான். "எம்புள்ளையக் கொல்லாதே!"

அவள் தறியை நிறுத்தவில்லை, அவனையும் நிறுத்த விடவில்லை. எப்படி நிறுத்தாமல் இருந்தாள் என்று பிற்பாடு அவளால் சொல்ல முடிந்ததில்லை. மகளை வாரி, தொட்டில் வேட்டியையே அவிழ்த்துத் தரையில் விரித்து அதில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வெட்டுகிற உடம்பைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டு, துணியில் விழுந்த வெளிச்சத்தையே பார்த்தாள். வந்து சேர்ந்தவர்கள் முதலில் அமர்த்தவில்லை, வந்த புதிதில் அவர்களும் சேர்ந்து கத்தினார்கள், சண்டையை விலக்கப் போனவன் தானும் இரண்டு அடி அடிக்கிற மாதிரி. பற்றிக்கொண்டு வந்த தீ இன்னும் பெரிதாயிற்று. வளர்மதி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கைக்குள் உடம்பு ஒரு தடவை துள்ளியது, இன்னொரு தடவை துள்ளியது, பிறகு துள்ளவில்லை. மாராயிதான் தோளைத் தொட்டு, "கண்ணைத் திறந்து பாரு புள்ள" என்றாள். நெற்றித் தெருவில் புதிதாகக் குடியேறிய ஒரு கடுகு, பக்கத்தில் எரிகிற ஆளைச் சுற்றிலும் தன் கைகளால் வளைத்துப் பிடித்திருந்தது. எரிந்தவர் மினுக்கலுக்கு இறங்கினார். அடுத்த தெருவில் இன்னொரு கடுகு இன்னொருவரைப் பிடித்தது. ஊர் முழுக்கப் பரவப் பார்த்த தீ அந்தத் தெருவோடு நின்றுபோயிற்று.

 அர்த்தநாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போய் அடுத்த தறியின் கைப்பிடியைத் தள்ளினார். அதற்கடுத்த பட்டறையில் ஓடியது, எதிர்ப்பட்டறையில் ஓடியது, பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தடக்குத் தடக்கென்று அதிர்ந்தது, குடத்துத் தண்ணீர் பழையபடி நடுங்கியது, தொட்டில் பிள்ளைகள் அப்பாடா என்று தூங்கிப்போயின.

அதற்கப்புறம் வந்தார்கள், வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். வேண்டிய அளவுக்கு மேலேயே வந்தார்கள். யாரையாவது வளைத்துப் பிடித்தவர்களுக்கு அங்கே குடியிருப்பு கிடைத்தது, பிடிக்க ஆள் அகப்படாதவர்கள் நெடுந்தூரம் நடந்து வந்தும் ஒரு மூலையில் அப்படியே அவிந்தார்கள். வளர்மதி பதறிப்போய்த் தொட்டில் துணியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் ரெஜினா வெளிச்சத்தை வெகு நேரம் பார்த்தார். எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான், கூடுதலாக வந்து, தேவைப்பட்டவர்கள் போக மற்றவர்கள் போய்விடுவார்கள் என்று சொல்லி, மருந்தை மட்டும் நிறுத்தாதே, வேட்டியை ரொம்பக் கசக்கித் துவைக்காதே என்றும் சொல்லி அனுப்பினார். எல்லாருக்கும் கடைசியில் ஆடி அசைந்து வந்த செங்கோடனுக்கு வேலை மிஞ்சவில்லை. ஒரு காலையில் பார்த்தபோது அவர் இருந்த இடம் வெறுமனே இருந்தது.

சாவு விழுந்தால் தறியை நிறுத்துகிற தெரு அது. கடுகுக்கு நிறுத்துவதா வேண்டாமா என்று ஆளுக்கொன்றாகப் பேசினார்கள், பேர் வைத்த ஜீவன் ஆயிற்றே என்றார்கள் சிலர். மாராயிதான் தீர்த்து வைத்தாள். "நிறுத்த வேண்டாம். சத்தத்தைத் தேடிக்கிட்டு அவ்வளவு தூரம் நடந்து வந்த மனுசன். சத்தத்தோடவே போகட்டும்." சொல்லிவிட்டுத் தார் சுற்றப் போனாள். அன்று அவள் ராட்டை மற்ற நாளைவிட வேகமாகச் சுற்றியது.

வலிப்பு இடைவெளி விட்டு வந்தது, பிறகு எப்போதாவது வந்தது, பிறகு மருந்தோடு வராமலே இருந்தது. துணியில் நடக்கிறவர்கள் குறைந்தார்கள், குடியேறியவர்கள் தெருக்களோடு தெருக்களாகக் கலந்துபோனார்கள், வெளிச்சம் நாளுக்கு நாள் மங்கி, ஒரு நாள் வேட்டி வேட்டியாகவே இருந்தது. பார்க்க வருகிற கூட்டமும் நின்றது. வளர்மதிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வெளிச்சம் இருந்தவரைக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தது, இப்போது யாரைக் கேட்பது? பிள்ளை விரலைப் பிடித்தது, பால் குடித்தது, ஆனால் எதற்கும் குரல் எடுக்கவில்லை.

அப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. தறிகள் இழுத்துப் பிடித்த மாதிரி நின்றன. அந்த அமைதி வந்து பட்டறையை மூடியதும் வளர்மதி தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுத் தொட்டில் வீரிட்டது, எதிர்வீட்டுத் தொட்டில் வீரிட்டது, தெரு நெடுக ஒவ்வொன்றாக வீரிட்டன. மூலையில் அவள் தொட்டில் மட்டும் சும்மா தொங்கியது. அவள் தறியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போய்ப் பார்க்கப் பயம்.

பிறகு தொட்டில் ஒரு ஆட்டம் ஆடியது. உள்ளிருந்து ஒரு உதை. அதற்கப்புறம் ஒரு அழுகை, மற்ற பிள்ளைகளெல்லாம் ஆரம்பித்து முடிக்கப்போகிற நேரத்தில் தாமதமாக வந்த, கட்டைக் குரலில், அடித்தொண்டையிலிருந்து, என் தறியை எவன் நிறுத்தினான் என்று கேட்கிற மாதிரி ஒரு அழுகை.

"யாரு புள்ளடி அது?" என்று மாராயி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"எம்புள்ளைங்க்கா!" என்று வளர்மதி திரும்பக் கத்தினாள். "எம்புள்ளதான்! கரண்ட் போனதுக்கு அழுகுதுங்க்கா!" தெருவில் யாரோ கை தட்டினார்கள், அர்த்தநாரி உட்கார்ந்த இடத்திலேயே அழுதார், நல்லசிவம் ஓடி வந்து தொட்டிலைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தான்.

கரண்ட் வந்தது. தறிகள் தடக்குத் தடக்கென்று எடுத்தன, தெருப் பிள்ளைகள் ஒன்றாக அடங்கின. கயல்விழி மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அழுதாள். நல்லசிவம் தொட்டிலை ஆட்டப் போனான். வளர்மதி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். தானும் தட்டிக் கொடுக்கவில்லை, பாட்டுப் பாடவில்லை, உஷ் என்றுகூடச் சொல்லவில்லை. அழுகை விசும்பலாகி, விசும்பல் மூச்சாகி, பிள்ளை தானாக அடங்கிக் கண் மூடுகிறவரை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அமர்த்துவதற்கு உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.